கே.பி.எஸ். அம்மா: ஜிகினா இல்லாத குரல்





இந்தப் பதிவு கே.பி.சுந்தராம்பாள் அம்மாவைப் பத்தி. பேரு சட்டுனு பிடிபடலைன்னா இப்படிச் சொல்றேன். திருவிளையாடல் படத்துல, பழம் கிடைக்காத கோபத்துல மலைமேல போய் நிக்கிற குட்டி முருகனைப் பார்த்து ஒரு ஔவைப்பாட்டி பாடுவாங்களே, அவங்கதான். 1965ல வந்த படம். நம்மள்ல பாதிப் பேர் படத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பாட்டை கோயில் குழாய் ஸ்பீக்கர்ல கேட்டு மனப்பாடம் பண்ணினவங்க.

இப்போ எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. தைப்பூசம் வந்தா, சஷ்டி வந்தா, போன் நிறைய முருகன் பாட்டு வருது. இம்மி பிசகாத சுருதி, ட்ரோன்ல எடுத்த மலைக்கோயில், பின்னாடி பெரிய பீட். எல்லாம் பளிச்னு இருக்கு. ஆனா ரெண்டு நாள் கழிச்சு யோசிச்சா ஒண்ணுகூட மனசுல நிக்கறதில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னாடி பதிவான அந்த ஔவைப்பாட்டி பாட்டு மட்டும் நிக்குது. ஏன்?

பழசு எல்லாம் தங்கம், புதுசு எல்லாம் தகரம்னு ஒரு வரியில முடிச்சுடலாம். ஆனா அம்மாவோட வாழ்க்கையைப் பார்த்தா அந்தப் பதில் செல்லாதுன்னு தெரியும்.

காவிரிக் கரையில் ஒரு குரல்

ஊர் கொடுமுடி. ஈரோட்டுக்குப் பக்கம், காவிரிக் கரை. 1908 அக்டோபர்ல பிறந்தாங்க. கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதன் சுருக்கம்தான் கே.பி.சுந்தராம்பாள். பாலாம்பாள் அம்மாவோட பேர். ரொம்ப ஏழ்மையான வீடு. அந்தக் குழந்தைகிட்ட இருந்த ஒரே சொத்து தொண்டைதான். அதைக் கேட்டு அசந்துபோன பெரியவங்க வழியா, சின்ன வயசுலயே வேலு நாயர் நாடகக் கம்பெனியில சேர்ந்துட்டாங்க. முதல்ல சின்னப் பையன் வேஷம், அப்புறம் ஆண் வேஷம், பெண் வேஷம் எல்லாம்.

அந்தக் கால நாடக மேடையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். மைக் கிடையாது. ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், அதைத் தாண்டி கடைசி வரிசையில துண்டு விரிச்சு உட்கார்ந்திருக்கிறவர் காது வரைக்கும் பாட்டு போய்ச் சேரணும். தொண்டையில வலு இல்லாதவங்க அந்தத் தொழில்ல நிக்கவே முடியாது.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம் அப்போ பெரிய ஹிட். இன்னைக்கும் நம்ம கிராமத் திருவிழாக்கள்ல போடறாங்க. ஸ்பெஷல் நாடகம்னு அதுக்குப் பேர். ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியா பேசி வரவழைப்பாங்க. எல்லாரும் சேர்ந்து ஒத்திகை பார்க்கிறது கிடையாது. வள்ளி ஒரு ஊர்லேர்ந்து வருவாங்க, நாரதர் வேற ஊர்லேர்ந்து வருவார். மேடையிலதான் சந்திப்பு. எதிர்ல நிக்கிறவர் என்ன பேசுவார், எந்த ராகத்துல எடுப்பார்னு முன்கூட்டி தெரியாது. காது கொடுத்துக் கேட்டு அந்த நொடியில பதில் சொல்லணும்.

அந்த மேடையில ஜிகினா இல்லையான்னா, நிறையவே இருந்தது. அரிதாரம், கண்ணாடிக் கல் வெச்ச கிரீடம், வெல்வெட்டு உடுப்பு, பபூன் காமெடி, கைதட்டலுக்குன்னே இழுக்கிற சங்கதி. அதுவும் ஜனங்களோட பொழுதுபோக்குதான். அம்மா வந்தது அந்த உலகத்துலேர்ந்துதான், தவச்சாலையிலேர்ந்து இல்லை. இதை மறந்துட்டா அவங்களை நாம தப்பாப் புரிஞ்சுக்குவோம்.

செங்கோட்டையிலிருந்து வந்த வேலன்

இலங்கையில தமிழ் நாடகத்துக்கு அப்போ பெரிய மவுசு. அங்க நாடகம் போடப் போன இடத்துலதான், 1926 வாக்குல, செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோட அம்மா ஜோடி சேர்ந்தாங்க. கிட்டப்பா அப்போ உச்ச நட்சத்திரம். மேல் சுருதியில அநாயாசமா பாடுறவர். அவருக்கு ஈடு கொடுத்து யாரு பாட முடியும்னு இருந்த காலத்துல இவங்க ஈடு கொடுத்தாங்க. இந்த ஜோடி நடிச்ச வள்ளி திருமணத்துக்கு ஊர் ஊரா கூட்டம் அலைமோதிச்சு. 1927ல மாயவரத்துல கல்யாணம்.

வெளியில பார்த்தா வள்ளியும் வேலனும். உள்ள அப்படி இல்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. பிறந்த குழந்தை தங்கலை. மனஸ்தாபம், பிரிவு. அம்மா அவருக்கு எழுதின கடிதங்கள் பிற்காலத்துல அச்சில வந்திருக்கு. படிச்சா மனசு கனத்துப் போகும். 1933 டிசம்பர் 2, கிட்டப்பா போயிட்டார். அவருக்கு வயசு 27. அம்மாவுக்கு 25.

அன்னையிலேர்ந்து வெள்ளைப் புடவை. நகை இல்லை. நெத்தி நிறைய விபூதி. இனிமே எந்த ஆணோடும் ஜோடியா நடிக்கறதில்லைனு முடிவு பண்ணிட்டாங்க. கோடம்பாக்கம் இப்பவும் இருபத்தஞ்சு வயசை நடிகையோட சந்தை மதிப்பு உச்சத்துல இருக்கிற வயசுன்னு கணக்குப் போடும். அந்த வயசுல அம்மா எடுத்த முடிவு இது.

ஒரு லட்சம் ரூபாயும் ஒரு தோல்வியும்

மேடையை விட்டு ஒதுங்கி இருந்தவங்களைத் தேடி சினிமா வந்தது. படம் நந்தனார், 1935. கேட்ட சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்துல யாரும் நினைச்சுக்கூடப் பார்க்காத தொகை. கொடுத்தாங்க. அம்மா நந்தனாரா ஆண் வேஷத்துல நடிச்சாங்க. வேதியரா நடிச்சவர் நம்ம டெல்டாக்காரர், சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். நாற்பது பாட்டுக்கு மேல.

இவ்வளவும் இருந்து படம் எதிர்பார்த்த மாதிரி எடுபடலை. ஆனந்த விகடன்ல கல்கி அந்தப் படத்தைக் கிண்டல் பண்ணிக் கிழிச்சுத் தொங்கவிட்டார்.

நான் கோடியக்கரைக்காரன். எங்க ஊரைத் தமிழ்நாட்டுக்கே தெரிய வெச்சவர் அதே கல்கிதான். பொன்னியின் செல்வன்ல பூங்குழலி படகு விட்டுக்கிட்டே பாடுவாளே, அது எங்க கடல். மேடைக் கச்சேரி எதுவும் இல்லாம, கடலுக்கும் தனிமைக்கும் பாடுற ஒரு பொண்ணை அவ்வளவு அழகாக் கற்பனை பண்ணின எழுத்தாளருக்கே, அந்த நந்தனார் ஒட்டலை.

நான் இதை இப்படித்தான் புரிஞ்சுக்கறேன். உணர்ச்சி உள்ள இருந்தா மட்டும் போதாது. அது எதிராளிகிட்ட போய்ச் சேர வழி வேணும். ஆயிரம் பேர் இருக்கிற கொட்டகையில கடைசி ஆளைத் தொட எடுத்த குரலும் நிலையும், ரெண்டடி தூரத்துல நிக்கிற கேமராவுக்குப் பொருந்தலை. அதனால பக்தி இருக்கு, அது போதும், தரம் எப்படி இருந்தா என்னன்னு நாம சொல்லிக்க முடியாது. நேர்த்தி வேணும். எதுக்காக அந்த நேர்த்தி என்பதுதான் விஷயம்.

யாழைத் தோற்கடித்த பேச்சு

இந்த விஷயத்துக்கு எங்க வட்டாரத்துலயே ஒரு பழைய கதை இருக்கு. எங்க ஊர்லேர்ந்து பத்து கிலோமீட்டர் சொச்சம் போனா வேதாரண்யம். அங்க அம்பாளுக்குப் பேர் யாழைப் பழித்த மொழியாள். அம்பாள் பேசின பேச்சோட இனிமைக்கு முன்னாடி தன் வீணை நிக்காதுன்னு சரஸ்வதியே அதைக் கீழ வெச்சுட்டாளாம். அதனால அந்தக் கோயில்ல சரஸ்வதி கையில வீணை கிடையாது. போனா கவனிச்சுப் பாருங்க. வீணை வாசிப்புல குறை இருந்ததா கதை சொல்லலை. எதிர்ல கேட்ட ஒரு குரலுக்கு முன்னாடி வாத்தியமே தேவைப்படலைன்னுதான் சொல்லுது.

எங்க ஊர் குழகர் கோயில் கதையும் அப்படித்தான். சுந்தரர் சேரமான் பெருமாளோட வந்தார். கடற்காத்து அடிக்குது, காடு, பக்கத்துல ஜன நடமாட்டம் இல்லை. இப்படித் தனியா உட்கார்ந்திருக்கியேன்னு சிவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் பதிகம் பாடினார். சாமிகிட்ட ஒண்ணும் கேட்கலை. சாமிக்காக வருத்தப்பட்டார். அதே கோயில்ல நம்ம முருகன் கையில அமுத கலசத்தோட நிக்கிறார்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் எங்க பக்கம்தான் கரையைக் கடந்தது. நான் அப்போ இன்ஜினியரிங் கடைசி வருஷம். சரியா ஒரு வாரத்துல திருக்கார்த்திகை. தென்னை எல்லாம் சாஞ்சு கிடக்கு, கரன்ட் கம்பமும் சாஞ்சு கிடக்கு. ஸ்பீக்கர் இல்லை, சீரியல் லைட் இல்லை. இருந்த எண்ணெயை வெச்சு நாலு அகல் ஏத்தினோம். வயசான ஒரு ஆச்சி கே.பி.எஸ். அம்மாவோட அந்தப் பழனிப் பாட்டை எடுத்தாங்க. மூச்சு வாங்குச்சு, மேல போக வேண்டிய இடத்துல குரல் உடைஞ்சுது. யாரும் வீடியோ எடுக்கலை, எடுக்க யார் போன்லயும் சார்ஜ் இல்லை. வீடு கூரை போன ஜனங்க அத்தனை பேரும் கூடச் சேர்ந்து பாடினாங்க. அவங்களுக்கு அன்னைக்கு முருகன்கிட்டப் பேச வேண்டியது இருந்தது, அவ்வளவுதான்.

வேஷத்தைக் கழட்டிய மூன்று பெண்கள்

திரும்ப அம்மா கதைக்கு வரேன். நடுவுல தேசப் பணி, காங்கிரஸ் மேடைகள்ல பாட்டு, 1940ல மணிமேகலை படம், 1951ல சட்ட மேலவை உறுப்பினர். அப்புறம் 1953ல ஜெமினி வாசன் தயாரிச்ச ஔவையார். இதுவும் பிரம்மாண்டம்தான். யானைக் கூட்டம் வந்து கோட்டையை இடிக்கிற காட்சி எல்லாம் உண்டு. ஆனா ஜனங்க மனசுல தங்கினது கையில கோலோட நடந்து வர்ற பாட்டியோட குரல். நந்தனார்ல கைகூடாதது இங்க கைகூடிச்சு. பதினெட்டு வருஷத்துல அம்மா கேமராவைப் புரிஞ்சுக்கிட்டாங்க, சினிமாவும் அம்மாவைப் புரிஞ்சுக்கிச்சு.

அம்மா ஏத்துக்கிட்ட வேஷங்களை வரிசையா வெச்சுப் பாருங்க. ஔவையார், இளமையே வேண்டாம், கிழவியாக்கிடுன்னு பிள்ளையார்கிட்டக் கேட்டு வாங்கினவங்க. 1964ல வந்த பூம்புகார் படத்துல கவுந்தி அடிகள், உலக வாழ்க்கையைத் துறந்த துறவி. 1973ல காரைக்கால் அம்மையார், அழகான உடம்பை உதறிட்டுப் பேய் உருவம் கேட்டவங்க. மூணு பேரும் மேல்பூச்சைத் தாங்களே கழட்டி வெச்சவங்க. இருபத்தஞ்சு வயசுல நிஜத்துல அதையே செஞ்ச ஒருத்தங்க அந்த வேஷங்கள்ல நிக்கும்போது, நடிப்புக்கும் வாழ்க்கைக்கும் நடுவுல இருக்கிற கோடு ரொம்ப மெலிசாயிடுது.

ஒண்ணை ஒளிக்காம சொல்லணும். அந்த வெள்ளைப் புடவையும் விபூதியும் சினிமாவுக்கு நல்ல விளம்பரமும் ஆச்சு. பக்திப் படமா, பாட்டி வேஷமா, கூப்பிடு கே.பி.எஸ்.ஸைன்னு ஆச்சு. எளிமையே ஒரு மேக்கப் ஆகிடற ஆபத்து அதுல உண்டு. இன்னைக்கு வீடியோவுக்குன்னே விபூதி பூசிக்கிற நம்ம தலைமுறைக்கு இது நல்லாப் புரியும். அப்படின்னா அம்மாகிட்ட இருந்தது நிஜமான பக்திதான்னு எப்படி நம்பறது? புடவையை வெச்சு நம்ப முடியாது. அவங்க எதைப் பாட மறுத்தாங்க என்பதை வெச்சு நம்பலாம்.

பாட மறுத்த வரி

பூம்புகார் படத்துக்குக் கதை வசனம் கலைஞர். படத்துல கவுந்தி அடிகள் பாடுற ஒரு பாட்டுல, தெய்வம் எங்க போச்சுன்னு கேட்கிற மாதிரி ஒரு வரி இருந்ததாம். கோவலனுக்கு நடந்த அநியாயத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. கதைப்படி ரொம்பப் பொருத்தம், கைதட்டல் நிச்சயம். அம்மா தன் வாயால தெய்வத்தை அப்படிக் கேட்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். கலைஞரும் அவங்க மனசைப் புரிஞ்சு வரியை மாத்திக் கொடுத்தாராம். சினிமா உலகத்துல வழிவழியாச் சொல்லப்படற செய்தி இது.

யாரு சரி, யாரு தப்புன்னு நான் பஞ்சாயத்து பண்ண வரலை. கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருத்தர், முருகனே கதின்னு இருந்த ஒருத்தர், ரெண்டு பேரும் ஒரே பாட்டுல வேலை பார்த்தாங்க, ஒருத்தரை ஒருத்தர் மதிச்சாங்க. எனக்கு அதுலயே பெரிய பாடம் இருக்கு. வெறும் நடிப்பா எடுத்துக்கிட்டிருந்தா அம்மா அந்த வரியைப் பாடிட்டு சம்பளத்தை வாங்கிட்டுப் போயிருப்பாங்க. அவங்களுக்குப் பாட்டுல வர்ற ஒவ்வொரு வார்த்தையும் தான் சொல்ற வார்த்தை.

அதுக்கப்புறம் திருவிளையாடல், கந்தன் கருணை. 1969ல முருக பக்தர் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த துணைவன். அந்தப் படத்துல பாடினதுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அப்போ அம்மாவுக்கு அறுபது வயசு தாண்டிடுச்சு. 1970ல பத்மஸ்ரீ. சொந்த ஊர் கொடுமுடியில ஒரு சினிமா தியேட்டரே கட்டினாங்க. ஜனங்க சந்தோஷமா பொழுதுபோக்கறதை அவங்க ஒருநாளும் கேவலமா நினைக்கலை. 1980ல முருகன் திருவடி சேர்ந்தாங்க.

நமக்கு என்ன?

என் தொழில் மென்பொருள். அதனால இதை மட்டும் கொஞ்சம் விளக்கறேன். சுருதியைத் தானாத் திருத்தற ஆட்டோட்யூன் 1997ல வந்தது. அதைக் கண்டுபிடிச்ச ஆண்டி ஹில்டிபிராண்ட், அதுக்கு முன்னாடி பூமிக்கு அடியில எண்ணெய் எங்க இருக்குன்னு ஒலி அலைகளை வெச்சுக் கணக்குப் போடற துறையில இருந்தவர். அந்தக் கணக்கை மனுஷக் குரலுக்குத் திருப்பினார். குரல் எந்த ஸ்வரத்துக்குப் பக்கத்துல இருக்கோ அங்க இழுத்து உட்கார வைக்கிறதுதான் அதோட வேலை.

நம்ம இசையில உயிர் இருக்கிறதே ஒரு ஸ்வரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குப் போற வழியிலதான். கமகம்னு சொல்றோமே, அது. வழியைப் பூரா வெட்டிட்டு ஊர்களை மட்டும் வெச்சா பயணம் எங்க இருக்கும்? அம்மா குழந்தை முருகனைக் கூப்பிடறப்போ அந்தக் குரல் மேல ஏறி, ஒரு நொடி தயங்கி, இறங்கி வரும். கோபத்துல நிக்கிற பிள்ளைகிட்ட ஒரு பாட்டி தயங்கித் தயங்கிப் போற மாதிரி. திருத்தற மென்பொருளை அழுத்திப் போட்டா அந்தத் தயக்கம் பிழைன்னு காணாமப் போயிடும்.

கருவி மேல எனக்குக் கோபம் இல்லை. மைக்கையும் ரெக்கார்டையும் சினிமாவையும் அம்மா ஒதுக்கலையே. நல்ல சுருதி, நல்ல ஒலிப்பதிவு, நல்ல படம் எல்லாம் முருகனுக்குச் செய்யற மரியாதைதான். அபிஷேகம் பண்ணி அலங்காரமும் பண்றோம் இல்லையா? ஆனா அலங்காரம் பண்ணி முடிச்சதும் திரையை விலக்கணும். நம்ம பாட்டுகள் நிறைய, திரையையே அலங்காரம் பண்ணிட்டு அங்கேயே நின்னுடுது. பாடறவங்க யார்கிட்டப் பாடறாங்க? லைக்குகிட்டயா, வேலவன்கிட்டயா? கேட்கிறவங்களுக்கு அது ரெண்டே வரியில தெரிஞ்சுடும். அம்மா பாட்டு அறுபது வருஷம் நிக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச காரணம் இதுதான். அது நம்மைப் பார்த்துப் பாடினது இல்லை. முருகனைப் பார்த்துப் பாடினது, நாம பக்கத்துல நின்னு கேட்டோம்.

நீங்க முருகனுக்குப் பாட்டுப் போடறவங்களா இருந்தா ஒரு வேண்டுகோள். எடிட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, பீட் இல்லாம, போனைத் தள்ளி வெச்சுட்டு, பூஜை அறையில உட்கார்ந்து முழுசாப் பாடிப் பாருங்க. பாடி முடிச்சதும் ஏதோ சொல்லிட்ட நிம்மதி வந்தா, அதுக்கப்புறம் எவ்வளவு மெருகு வேணும்னாலும் ஏத்துங்க. வரலைன்னா, எந்த மெருகும் அதைக் காப்பாத்தாது.

பாடத் தெரியாதவங்க கவலைப்பட வேண்டாம். இந்த சஷ்டிக்கு அம்மாவோட ஒரு பாட்டை ஸ்பீடு கூட்டாம, நடுவுல ஸ்க்ரோல் பண்ணாம, கண்ணை மூடிக் கேளுங்க. நாலு நிமிஷம் முருகனுக்குன்னு ஒதுக்கினதா இருக்கட்டும். பிடிச்சிருந்தா உங்க வீட்டு ஆச்சி, தாத்தாவுக்கும் போட்டுக் காட்டுங்க. அவங்க கூடப் பாட ஆரம்பிச்சுடுவாங்க பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
கோடியக்கரை அமுத கலச முருகனுக்கு அரோகரா!